மலை ஏறாத வருஷம்

சைக்கிள் பாதையின் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் நாடாவைக் கட்டி வைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் பாதையே இல்லை. பழுப்புத் தண்ணீர்தான் இருந்தது. உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பதற்காகப் போட்ட பெஞ்சு ஒன்றின் முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் ஒரு மரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது. மேற்கே நல்ல மழையாம், டான்யூப் ஏறிவிட்டதாம், வடிய நான்கைந்து நாளாவது ஆகுமாம். விடுதிக்கார அம்மா காலையிலேயே சொல்லியிருந்தார். என் கணவருக்கு எதையும் நேரில் பார்க்காமல் நம்பிப் பழக்கமில்லை.

பார்த்தார். முகம் வாடும் என்று நினைத்தேன். மலர்ந்தது.

"அப்ப மலை ரூட்டுதான்," என்றார்.

நான் அந்தப் பெஞ்சின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாங்கள் தர்மபுரிக்காரர்கள். அவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் பாலக்கோட்டில் ஒரு வங்கியில் கவுண்டரில் உட்கார்கிறவள். ஐம்பதை நெருங்கும் வயதில் எங்களுக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. முதலில் தொப்பூர் கணவாயில், லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினோம். பிறகு புத்தி வந்து வத்தல்மலைக்கு மாறினோம். அங்கே கொண்டை ஊசி வளைவுகளில் முதல் நாள் பாதியில் இறங்கித் தள்ளினோம். ஆட்டுக்காரர்கள் சிரித்தார்கள். சில மாதங்களில் மேலே வரை இறங்காமல் ஏறி, அதே ஆட்டுக்காரர்களுக்குக் கையசைத்துக்கொண்டு போனோம். என் நாத்தனார் மியூனிக்கில் இருக்கிறாள். அவள் வீட்டில் சைக்கிள்கள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் அங்கே போய் ஆல்ப்ஸ் மலையைச் சைக்கிளிலேயே கடப்பது என்று இவர் திட்டம் போட்டார். திட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எந்த மேட்டில் எந்த கியர் என்பது வரைக்கும் எழுதி வைத்திருந்தார்.

ஐப்பசியில் என் அப்பா இறந்துபோனார். தை மாதம் ஒரு நாள் நான் இவரிடம், "முட்டி வலிக்குதுங்க, மலை வேணாம், ஆத்தோரமா போலாம்," என்றேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆல்ப்ஸை அப்படியே மூட்டை கட்டிவிட்டு, டான்யூப் கரையோடு வியன்னா வரை மேடே இல்லாத ஒரு பாதையைத் தேடி எடுத்தார். அப்படித்தான் வைகாசி நடுவில், ஜெர்மனியின் ஓரத்தில், மூன்று ஆறுகள் கூடுகிற பாஸாவ் என்ற இந்தப் பழைய ஊருக்கு வந்து சேர்ந்தோம். மூன்று ஆறும் மூன்று நிறத்தில் ஓடும் என்று படித்துவிட்டு வந்திருந்தார். நாங்கள் பார்த்தபோது மூன்றும் டீத்தண்ணி நிறத்தில் இருந்தன.

வியன்னாவில் விமானம் ஏறும் நாள் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு அவருக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. தண்ணீர் வடியும்வரை இங்கே உட்கார்ந்திருந்தால் வியன்னா வரை சைக்கிளில் போய்ச் சேர முடியாது. ரயிலில் சைக்கிளுக்கு இடம் கேட்டோம். எல்லாச் சைக்கிள்காரர்களும் எங்களுக்கு முன்பே கேட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது வடக்கே மலைமேல் ஏறி, முகட்டோடு கிழக்கே போய், வெள்ளம் இல்லாத இடத்தில் ஆற்றுக்கு இறங்குகிற பாதை ஒன்றுதான். நாளைக் காலையில் கிளம்பினால் சரியாக இருக்கும். கணக்கு வாத்தியார் கணக்கை முடித்துவிட்டார்.

சைக்கிள்களை விடுதியில் விட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். கல் பதித்த சந்துகள், மஞ்சளும் இளஞ்சிவப்பும் பூசிய உயரமான வீடுகள். ஆற்றங்கரைப் பக்கம் வீட்டு வாசல்களில் மணல் மூட்டைகள். யாரும் பதறவில்லை. இந்தச் சனங்களுக்கு வெள்ளம், வருகிற விருந்தாளி போல ஆகிவிட்டிருந்தது. நகர மண்டபத்துச் சுவரில் பழைய வெள்ளங்கள் எந்த வருஷம் எதுவரை வந்தன என்று கோடு போட்டு வைத்திருந்தார்கள். ஒரு கோடு என் தலைக்கு எவ்வளவோ மேலே இருந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும் கிழமையைத்தான் சுவரில் எழுதி வைப்போம்.

இன்னொரு சமயமாக இருந்தால் அந்தச் சுவர் முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். அன்றைக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி ஒரு சந்தில் நுழைந்து இன்னொரு சந்தில் வெளியே வந்துகொண்டிருந்தேன். அவர் பின்னாலேயே போனைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முனையிலும் ஒரு புதுத் தகவல். "மொத மேடு அஞ்சு கிலோமீட்டர்தான்." "நடுவுல ஒரு ஊர்ல கடை இருக்குது." "நம்ம வத்தல்மலைல பாதி கூட இல்ல, பயப்படாத." எனக்குப் பயம் என்று இவரிடம் யார் சொன்னது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே வந்த படிக்கட்டுச் சந்து ஒன்றில் கிடுகிடுவென்று ஏறினேன். மேலே போய்த் திரும்பினால் அவர் கீழேயே நின்றுகொண்டிருந்தார்.

"முட்டி வலிக்கலையா?" என்றார்.

குரலில் கேலி இல்லை. அவருக்குக் கோபமே வராது. அதுதான் எனக்குக் கோபம் வரக் காரணம்.

மேலே ஒரு சின்னச் சதுக்கத்தில் காப்பிக் கடை இருந்தது. வெளியே போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். காப்பி கஷாயம் மாதிரி இருந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"முட்டியெல்லாம் நல்லாத்தாங்க இருக்குது. வருஷம் முடியல. அதான்."

"எந்த வருஷம்?"

"எங்கப்பா வருஷம்."

எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால், வருஷத் திவசம் முடியும்வரை பங்காளிகள் மலை ஏறக் கூடாது. திருப்பதி, பழனி என்று சாமி இருக்கும் மலைகளைத்தான் சொல்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். கெட்டியாகப் பிடிக்கிறவர்கள் எந்த மலையிலும் கால் வைக்க மாட்டார்கள். இதெல்லாம் பங்காளிகளுக்கு. அதாவது ஆண்பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்களுக்கும். கட்டிக்கொடுத்த பெண் வேறு வீட்டுப் பங்காளி. எங்கள் வகையறாவில் அவளுக்குத் தீட்டு மூன்று நாள்தான்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் முச்சந்தி வரைக்கும் போனேன். அதற்குமேல் பெண்கள் போகக் கூடாது. மூன்றாம் நாள் பெரியப்பா என்னிடம், "உனக்கு இதோட சரி கண்ணு, தலைக்குக் குளிச்சிட்டு வேலைக்குப் போ," என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு லீவு போய்விடக் கூடாதே என்று சொன்னார். நான்காம் நாள் கவுண்டரில் உட்கார்ந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் பாஸ்புக் போட்டுக் கொடுத்தேன். என் தம்பி மொட்டைத் தலையோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். வருகிறவர்கள் அவன் கையைப் பிடித்து அழுதார்கள். ஒரு வருஷத் துக்கம் முழுவதையும் அவனுக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு மூன்றே நாளைக் கிள்ளிப் போட்டார்கள். நான் தலைமகள். எனக்கு அது ஆறவே இல்லை.

அப்பா அரசு பஸ் டிரைவர். சர்வீஸில் பெரும்பகுதி அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகிற பஸ்ஸை ஓட்டினார். வீட்டிலும் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். நின்றுகொண்டே தண்ணீர் குடிப்பார், நின்றுகொண்டே பேப்பர் படிப்பார். ஓய்வு பெற்ற பிறகும் விடியும் முன்னே எழுந்து வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருப்பார். எனக்கும் காலில் அதே சக்கரம்தான். தினமும் மலை ஏறி இறங்கிய மனிதர் இனி ஏறப் போவதில்லை. அவருக்காக நானும் ஒரு வருஷம் ஏறாமல் இருக்கிறேன் என்று கருமாதி அன்றைக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் தடுப்பார்கள்.

இதையெல்லாம் என் கணவர் காப்பி ஆறும்வரை கேட்டார். நல்ல மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சரிம்மா," என்றார். "ஆனா உனக்குத்தான் அந்தக் கட்டுப்பாடே கெடையாதே?"

ஆறுதலாகத்தான் சொன்னார். ஒரு முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கோ கொள்ளிக்கட்டையால் சுட்ட மாதிரி இருந்தது. எழுந்து நடந்துவிட்டேன்.

அவர் பின்னால் வரவில்லை. வராதது நல்லது என்று நினைத்தேன். அங்கே உட்கார்ந்து அவர் செய்த காரியம் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது. எதையும் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தீர்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே எங்கள் வகையறா முழுக்க இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டிருந்தார். ஒரு பாலத்தின் நடுவில் நின்று அதைக் கேட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கங்க. ஒரு சின்ன சந்தேகம். வெளிநாட்டு மலை கணக்குல வருங்களா? கட்டிக்குடுத்த பொண்ணு அவங்கப்பாவுக்கு வருஷம் புடிக்கலாங்களா? நாளைக்குக் காலைல சைக்கிள்ல கெளம்பணும், சீக்கிரம் சொன்னா தேவலைங்க."

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். இங்கே ஊர்வாயைத் திறந்து வைத்தவரே என் வீட்டுக்காரர். பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

"சாமி இல்லாத மலை மலையே இல்ல மாப்ள, தாராளமா ஏறுங்க," என்றார் பெரியப்பா. "மேல சர்ச் இருக்குதான்னு பாருங்க, இருந்தா கணக்குல வரும், எந்தச் சாமியா இருந்தா என்னா," என்றாள் அத்தை. சித்தப்பா மகன், "எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டிருந்தான். நடுவில் யாரோ ரோஜாப்பூப் படம் போட்டு இனிய மாலை வணக்கம் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது. போனை ஆற்றில் எறிந்துவிடலாம் போலவும் இருந்தது.

அப்போது தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, உனக்கெதுக்குக்கா இதெல்லாம்? நீ ஏறு, ஜாலியா போயிட்டு வா. எங்களுக்குத்தான் கட்டு."

"உங்களுக்குன்னா யாருக்கு?"

"எங்களுக்குதான்க்கா. அப்பாவோட ஆளுங்களுக்கு."

அவன் கெட்டவன் இல்லை. யோசித்துப் பேசுகிறவனும் இல்லை. நான் போனை வைத்தேன். அப்பாவோட ஆளுங்க. அப்படியானால் நான் யார் ஆள்? பாலத்தைத் தாண்டி, எதிர்க்கரையில் கால் போன போக்கில் நடந்தேன். மூச்சு வாங்கியது. ஒரு சந்து முனையில் பாதை முடிந்து, கூரை போட்ட நீளமான படிக்கட்டு ஒன்று எதிரே நின்றது. அது மேலே குன்றில் இருக்கும் மாதா கோயிலுக்குப் போகிற படிக்கட்டு. வேண்டுதல் உள்ளவர்கள் படிக்கு ஒரு ஜெபம் சொல்லி ஏறுவார்களாம். ஒரு கிழவர் அப்படித்தான் உதட்டை அசைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். அத்தை சொன்ன கணக்கில் இதைவிடச் சுத்தமான மலை கிடையாது.

ஏறிவிடலாம் என்று தோன்றியது. எவருக்கும் வேண்டாத விரதத்தை நான் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? கல்யாணம் ஆனதோடு முடிந்தது என்றால் முடிந்துதான் போகட்டுமே. இங்கே ஏறிவிட்டால் நாளைக்கு மலைப்பாதை, பிறகு வியன்னா, அவருக்கும் சந்தோஷம், குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் சந்தோஷம். வலது காலைத் தூக்கி முதல் படியில் வைத்தேன். போன் மறுபடி அடித்தது. தம்பி என்று நினைத்து, திட்டுவதற்காகவே எடுத்தேன்.

அம்மா.

"எங்க கண்ணு இருக்கற?"

"ஒரு மலையடியில."

"ஏறிட்டயா?"

"இன்னும் இல்ல."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. யாரையோ அதைக் குறைக்கச் சொன்னாள். நான் காலைப் படியிலிருந்து எடுக்கவில்லை.

"ஊருக்கே டமாரம் அடிச்சிருக்காரு உங்கூட்டுக்காரரு. மருமவ போன்ல போட்டுக் காட்டுனா. இத்தன நாளு நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"என்னன்னு சொல்றது? எனக்குத்தான் மூணு நாளோட முடிஞ்சிருச்சே."

அம்மா சமாதானம் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது.

"உந்தம்பி போன மாசமே வத்தல்மல ஏறிட்டு வந்துட்டான்," என்றாள். "காப்பித் தோட்டம் வெலைக்கு வருதாம், பாக்கப் போனானாம். வேலையாப் போனா தப்பில்லைங்கறான். நான் ஒண்ணும் கேக்கல. கேட்டு என்னா ஆவப் போவுது."

எங்களுக்குத்தான் கட்டு என்று கொஞ்ச நேரத்துக்கு முன்பு சொன்னவன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அம்மா அதற்கு இடம் கொடுக்காமல் தொடர்ந்தாள்.

"நான் ஒருத்திதான் அவருக்காக உக்காந்திட்டு இருக்கறன்னு நெனச்சேன் கண்ணு. நீயும் இருக்கறயா?"

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா செத்ததிலிருந்து அப்படி அழவில்லை. படி இறங்கி வந்த ஒரு பெண் தயங்கி நின்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அம்மா அந்த முனையில் என்னை அழவிட்டுக் காத்திருந்தாள்.

"இருக்கேம்மா," என்றேன்.

"அப்ப ஏறாத. தெவசம் முடியட்டும்." பிறகு, கடைக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில், "தெவசம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் சித்தேரிக்குப் போயிட்டு வரலாம். அந்த பஸ்ஸுலயே. அத்தன வருசம் ஓட்டுனாரு, நான் ஒரு நாளு கூட அதுல ஏறுனதில்ல," என்றாள்.

"அப்பா கூப்புடவே இல்லயா?"

"கூப்புட்டாரு. வூட்ல வேல இருந்துச்சு."

போனை வைத்த பிறகும் நான் அங்கேயே இருந்தேன். எத்தனையோ நாள் விடிகாலையில் அப்பா காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு அம்மா வாசலிலிருந்தே உள்ளே திரும்பிவிடுவாள். அவள் அந்த மலையைப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நான் சின்ன வயதில் பள்ளிக்கூட லீவு விட்டால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனை தடவை போயிருக்கிறேன்.

என் கணவர் என்னைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தபோது வியர்த்து விறுவிறுத்திருந்தார். இரண்டு பாலங்களிலும் தேடியிருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோனார்.

"தப்புப் பண்ணிட்டேன், இல்ல?" என்றார். "குரூப்புல போட்டிருக்கக் கூடாது."

"கூடாதுதான்," என்றேன். "ஆனா அம்மா பேசுனாங்க."

நடந்ததைச் சொன்னேன். அவர் பக்கத்தில் அதே முதல் படியில் உட்கார்ந்துகொண்டார். மேலே ஏறிப்போன கிழவர் வளைவில் மறைந்துவிட்டிருந்தார். பிறகு இவர் போனை எடுத்தார். மலைப்பாதைக்குத் தயார் செய்து வைத்திருந்த வரைபடம் திரையில் நீலக் கோடாக இருந்தது. அதை அழித்தார்.

"அப்ப நாளைக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணி வடியற வரைக்கும் இங்கதான். அந்தக் கோடு போட்ட சுவர நீ சரியாவே பாக்கல. அப்பறம் நாள் இருக்கற வரைக்கும் ஆத்தோரமா போவோம். எங்க முடியுதோ அங்க ரயில் ஏறிக்கலாம்."

"வியன்னா வரைக்கும் சைக்கிள்லயே போவணும்னு சொன்னீங்களே."

"சொன்னேன்," என்றார். அவருக்கு வருத்தம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. ஏற்கெனவே எனக்காக ஆல்ப்ஸை விட்டவர். இப்போது வியன்னாவையும் விடுகிறார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

ஆனால் அவர் கை சும்மா இருக்காது. ஒரு திட்டம் போனால் இன்னொன்று வேண்டும். திரையில் ஆஸ்திரியாவைத் தள்ளிவிட்டு, விரலால் உலகத்தைச் சுற்றிக்கொண்டே வந்து அரூரில் நிறுத்தினார். அங்கிருந்து சித்தேரிக்குப் போகிற மலைரோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஐப்பசில மழை இருக்கும். உங்கம்மாவ சாயங்காலம் ஏத்தக் கூடாது, காலைல மொத பஸ்ஸுலயே போயிடணும்," என்றார். "அது எத்தன மணிக்குன்னு எங்கயும் போடலையே. யாரக் கேக்கறது?"

"யாரையும் கேக்க வேணாம்," என்று அவர் கையிலிருந்து போனை வாங்கி வைத்தேன். அந்த நேரம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இருபது வருஷம் அந்தப் பஸ்ஸுக்குத்தான் விடிந்தது.